கூடவே பாடும் இன்ஜின்

காருக்குள் பாட்டு ஓடும்போது பின்னால் மெலிதாக ஒரு ‘உய்ய்ய்’ கேட்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். வால்யூமை அடியோடு குறைத்தாலும் போகாது. பாட்டு உரக்க ஒலிக்கும்வரை ஒளிந்திருந்துவிட்டு, இளையராஜாவின் இடையிசையில் வயலின்களெல்லாம் ஓய்ந்து புல்லாங்குழல் தனியாக வரும் இடம் பார்த்து வெளியே வரும். இன்ஜினை அணைத்தால் அதுவும் அடங்கிவிடும்.

என் பழைய காரின் டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் பொருத்திய நாளிலிருந்து இந்தத் துணைப் பாடகரும் வந்து சேர்ந்தார். சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால், “எல்லா வண்டியிலயும் கொஞ்சம் இருக்கும் சார், ஃபில்டர் ஒண்ணு போட்டுக்குங்க” என்பார்கள். சத்தம் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் அதை அமுக்க ஒரு பொருள் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கே பிறக்கிறது என்பதில் மர்மம் இல்லை. இன்ஜின் சுழற்றும் ஆல்டர்நேட்டர் தருவது மூன்று ஃபேஸ் மாறுமின்னோட்டம். ஆறு டயோடுகள் அதை நேர்மின்னோட்டமாக்கி, 14 வோல்ட் அளவில் பேட்டரிக்கு அனுப்புகின்றன. அந்த 14 வோல்ட்டின் தலையில் சின்னச் சின்ன அலைகள் மிச்சமிருக்கும். அவை எந்தச் சுருதியில் இருக்கும் என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். 12 துருவங்கள் கொண்ட ஆல்டர்நேட்டர் இன்ஜினைவிட இரண்டரை மடங்கு வேகமாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐடிலிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஆல்டர்நேட்டர் 2,000 சுற்று. அதில் பிறக்கும் மின்னோட்டம் 200 ஹெர்ட்ஸ். டயோடுகளைத் தாண்டும்போது ஆறு மடங்காகி 1,200 ஹெர்ட்ஸ். இன்ஜின் 3,000 சுற்றுக்கு ஏறினால் இது 4,500. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. நகரத்துக்குள் சாதாரணமாக ஓட்டும் வேகமெல்லாம் இதற்குள் அடங்கிவிடுகிறது. சத்தம் சின்னது, எரிச்சல் பெரிது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ஆனால் இந்த அலை எல்லாக் கார்களிலும் உண்டு. கம்பெனியில் பொருத்தி வரும் ஸ்டீரியோ பாட்டுக்குச் சமர்த்தாகப் பாடுகிறது. டிக்கிக்கு ஆம்ப் போன பிறகுதான் வம்பு.

புதுப்பேட்டையில் வயரிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இதைப் பார்க்க ஒப்புக்கொண்டார். முதலில் அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. முன்பக்க செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவந்து ஆம்புக்குள் செருகியிருந்த ஆர்.சி.ஏ. கேபிள்களைப் பிடுங்கிவிட்டு, “ரேஸ் குடுங்க தம்பி” என்றார். கொடுத்தேன். சத்தம் இல்லை. “ஆம்புக்கு வர்ற கரண்ட்ல கோளாறு இல்ல.” பிறகு என் போனை வாங்கி, கேபிள் வழியாக நேராக ஆம்பில் இணைத்தார். பாட்டு மட்டும் கேட்டது. “ஆம்பும் நல்லாத்தான் இருக்கு. முன்னாடி செட்டும் இதுவும் சேர்றப்பதான் வருது.” சேர்த்துப் பார்த்துத் தேடுவதைவிட ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத் தேடுவது எவ்வளவு சுருக்கமான வழி என்பதை அன்று அவர் கையில் பார்த்தேன்.

நடப்பது இதுதான். பிளஸ் வயரை எல்லோரும் அக்கறையாக இழுக்கிறார்கள். தடிமனாக, நடுவில் ஃப்யூஸ் வைத்து. மைனஸ் என்று வந்தால் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு போல்ட். காரின் இரும்பு உடம்பே மின்சாரம் திரும்பும் பாதை என்பதால் எங்கே முடுக்கினாலும் ஒன்றுதான் என்று நினைப்பு. ஒன்றல்ல. விளக்கு, விசிறி என்று எல்லாவற்றின் மின்னோட்டமும் அந்த உடம்பு வழியாகத் திரும்பும்போது, டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள எர்த்துக்கும் டிக்கியில் உள்ள எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் வந்துவிடுகிறது. அந்த வித்தியாசமும் ஆல்டர்நேட்டரின் அலையோடு சேர்ந்து ஆடுகிறது. இரண்டு இடங்களையும் இணைக்கும் இன்னொரு பாதை ஆர்.சி.ஏ. கேபிளின் வெளி உறை. அதன் வழியாக ஓடும் அலையை ஆம்ப் பாட்டென்றே எடுத்துக்கொண்டு பெருக்கிக் கொடுக்கிறது. வால்யூம் முன்பக்க செட்டில் இருக்கிறது. அலை அதைத் தாண்டித்தான் உள்ளே நுழைகிறது. குறைத்தாலும் போகாததன் ரகசியம் அவ்வளவுதான்.

பெரியவர் டிக்கியின் விரிப்பைத் தூக்கினார். எர்த் வயரின் வளையம் பெயின்டுக்கு மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. உப்புத்தாள் வைத்து இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கி, துரு ஏறாமல் இருக்க மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். சீட் பெல்ட் போல்டில் மட்டும் எர்த் எடுக்கவே கூடாது, அது உயிரைப் பிடிக்கிற போல்ட் என்றார். ஆம்ப் எவ்வளவு பெருக்கவேண்டும் என்பதைக் குறிக்கும் கெயின் திருகை நான் முழுசாகத் திருப்பி வைத்திருந்தேன், அதையும் பாதிக்குக் கீழே இறக்கினார்.

சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. மீதிக்காகச் செட்டை வெளியே இழுத்தார். ஒரு செம்பு இழையை எடுத்து, ஒரு முனையை ஆர்.சி.ஏ. பின்னின் வெளி வளையத்தில் சுற்றி, மறுமுனையைச் செட்டின் தகர உடம்பில் தொட்டார். அந்த நொடியே ‘உய்ய்ய்’ அறுந்தது. எடுத்தால் வந்தது, தொட்டால் போனது. எனக்கு இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கவேண்டும்போல் இருந்தது. சில செட்டுகளில் அந்த வெளி வளையத்தை எர்த்தோடு இணைப்பது கடுகளவு ஃப்யூஸ். பவர் ஓடும்போதே யாராவது கேபிளைச் செருகினாலோ பிடுங்கினாலோ அது போய்விடலாம். செட் பாடிக்கொண்டேதான் இருக்கும், இந்த இரைச்சலோடு. இழையை நிரந்தரமாகப் பற்றவைத்துக் கொடுத்தார்.

ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. செட்டுக்கும் ஆம்புக்கும் நடுவில் போடும் ஐசொலேட்டர் டப்பாவுக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். எர்த் தொடர்பை அறுப்பதால் சத்தம் நிற்கும், உண்மை. விலை மலிவான டப்பாவாக இருந்தால் தவிலின் தொப்பியில் விழும் அடியும் கூடவே மெலிந்துபோகும். வேறு வழியே இல்லாதபோது போட்டுக்கொள்ளலாம்.

சத்தத்தோடு போடும் இந்தச் சண்டை கார் ரேடியோவின் வயதுக்குச் சமம். 1930இல் சிகாகோவில் பால் கால்வினின் கம்பெனி மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோ கொண்டுவந்தபோது பெரிய தலைவலி, ஸ்பார்க் பிளக் பொறி விடும்போதெல்லாம் ரேடியோவில் கேட்ட ‘டிக் டிக்’. பிளக் வயர்களில் மின்தடைகளைப் போட்டு அதை அடக்கினார்கள். அந்தக் குழுவில் உழைத்த எல்மர் வேவரிங் என்ற இளைஞர்தான் பின்னாளில் அதே கம்பெனியில் கார் ஆல்டர்நேட்டரை உருவாக்கும் வேலைக்குத் தலைமை தாங்கினார். ஒரு சத்தத்தை ஓட்டியவர் அடுத்த சத்தத்துக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறார்!

இப்போது இந்த ‘உய்ய்ய்’ அதிகம் கேட்பது கால்டாக்ஸிகளில். டிரைவரின் போன் ஒருபுறம் ஆக்ஸ் வயரில், மறுபுறம் சிகரெட் லைட்டர் துளையில் செருகிய மலிவுச் சார்ஜரில். எர்த் இரண்டு வழியாகப் போய்ச் சுற்று மூடிக்கொள்கிறது. போன மாதம் கிண்டியிலிருந்து வந்தபோது டிரைவரிடம் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்கச் சொன்னேன். சட்டென்று நின்றது. அவர் ஆச்சரியப்பட்டார், ஆனால் அடுத்த சிக்னலிலேயே திரும்பச் செருகினார். “மேப் வேணுமே சார், போன் செத்துடும்” என்று சொல்லி, செட்டை எஃப்.எம்.முக்கு மாற்றிவிட்டார். அதில் ‘உய்ய்ய்’ இல்லை, விளம்பரங்கள் இருந்தன.