ஏற்றத்தில் கொதிக்கும் வண்டி

டீசல் எஞ்சினின் உயிர் வெப்பத்தில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க ஒரு பொறி வேண்டும். 1890களில் ருடால்ஃப் டீசல் உருவாக்கிய எஞ்சினுக்கு அது தேவையில்லை. காற்றைச் சிறிய இடத்துக்குள் நெருக்கி அழுத்தினால் அது கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். இவ்வாறு பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் வண்டியை நகர்த்தும் வேலைக்குப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்துசென்று ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கொட்ட வேண்டும். சுமக்கும் வேலை தடைப்பட்டால் இயந்திரம் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தி அல்ல. தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வயல்களையும் திராட்சைப் பந்தல்களையும் ஒட்டிச் செல்லும் சாலை, லோயர் கேம்ப் தாண்டியதும் குமுளி மலைமீது ஏறத் தொடங்குகிறது. போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போனால் ஏறத்தாழ 1000 மீட்டர் உயர வேண்டும். ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் அன்றாடம் இந்த ஏற்றங்களைக் கடக்கின்றன. முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, கையில் தண்ணீர்ப் பாட்டிலுடன் வளைவோரத்தில் நிற்கும் ஓட்டுநரைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் இங்கே குறைவு. “வண்டி கொதிச்சிருச்சு” என்பார்கள். சோறு கொதிப்பதைச் சொல்வதுபோல அத்தனை இயல்பான சொல்.

அப்பா விட்டுச்சென்ற டீசல் அம்பாசடரும் அப்படிக் கொதிக்கத் தொடங்கியது. 1489 சிசி எஞ்சின், ஏறத்தாழ 40 குதிரைத்திறன். அந்த வண்டியின் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. உடன்பிறந்தவர்கள் மூவருக்கும் அது பொதுச் சொத்து. மாதம் ஒருமுறை அம்மாவைக் குமுளியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அழைத்துச் செல்வோம். முழங்கால் தேய்ந்த அம்மாவுக்குப் பேருந்துப் படிகளில் ஏற முடியாது; புதுக் கார்களின் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழவும் முடியாது. அம்பாசடரின் உயரமான, அகலமான இருக்கையில்தான் பிறர் கை பிடிக்காமல் ஏறி இறங்குவார். அடுத்தடுத்து மூன்று பயணங்களில் வண்டி மலைப்பாதையில் கொதித்தது. இரண்டு பட்டறைகளில் காட்டினோம். கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றார்கள் இரண்டிலும். ஆகும் செலவுக்கு வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்ற யோசனையும் இலவசமாகக் கிடைத்தது. விற்றுவிடுவது பற்றி வீட்டில் பேச்சு எழுந்தபோது அம்மா வாயே திறக்கவில்லை. அவருடைய மௌனத்துக்கு என்ன பொருள் என்று எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

தேனியில் முதிய மெக்கானிக் ஒருவரிடம் கடைசியாகப் போனோம். அவர் முன்மூடியைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார்.

“எங்கன வச்சுக் கொதிக்குது தம்பி?”

“குமுளி ஏத்தத்துல மட்டுந்தாண்ணே.”

“தேனியிலருந்து கம்பம் வரைக்கும்?”

“முள்ளு நடுவுலயே நிக்குது.”

“அப்பறம் என்ன? காய்ச்சல் அடிக்குதுன்னு எடுத்த எடுப்புல தலையக் கழட்டுவாகளா?”

அன்று அவர் செய்த சோதனைகள் எவற்றுக்கும் பெரிய செலவில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டார். கேஸ்கட் கிழிந்திருந்தால் சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் புகுந்து ஓயாமல் குமிழியிடும். குமிழி வரவில்லை. ஆயில் பாலைப்போல் வெளுத்திருக்கிறதா என்று அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். வெளுப்பு இல்லை. ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், இறுக்கமாகவே இருந்தது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் மட்டும் கல்லாகியிருந்தது. மூடிதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் குமுளியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடி, கொதிநிலையை 10 டிகிரிக்கு மேல் உயர்த்தித் தருகிறது. மலைக்குப் போகிற வண்டிக்கு அந்தப் பத்து டிகிரி பெரிய சேமிப்பு.

எஞ்சின் சூடானதும் அணைத்துவிட்டு, விசிறி நின்றபின் ரேடியேட்டரின் முகத்தை உள்ளங்கையால் மெல்லத் தடவினார். எங்களையும் தடவச் சொன்னார். நடுவில் சுடுகிறது, இரு ஓரங்களிலும் கீழ்ப்பகுதியிலும் திட்டுத்திட்டாகக் குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த இடத்தில் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். சமவெளியில் எஞ்சின் உமிழும் வெப்பம் குறைவு. பாதி அடைத்த ரேடியேட்டரே அதற்குப் போதும். ஏற்றத்தில் முழு விசையோடு இழுக்கும்போது வெப்பம் பெருகுகிறது, வண்டியின் வேகமோ குறைகிறது, எதிர்க்காற்றும் குறைகிறது. அடைப்பு அங்கேதான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. “வாய்க்கால் தூந்து கெடந்தா மடையத் தெறந்து என்ன புண்ணியம்?” என்றார் அவர். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரால் இருபோகம் விளையும் ஊர்களில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ரேடியேட்டரைக் கழற்றி, அந்த வேலை மட்டுமே பார்க்கும் கடைக்கு அனுப்பினார். செம்பும் பித்தளையுமாகச் செய்து ஈயத்தால் பற்றவைத்த பழைய ரேடியேட்டர் அது. சூடுகாட்டி மேல்தொட்டியைப் பிரித்தார்கள். குழாய்களின் வாயில் பழைய வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதுபோல் வெள்ளையும் துருநிறமுமாகக் காரை. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, சூட்டில் பிரிந்து ஆண்டுக்கணக்கில் படிந்திருந்தது. மெல்லிய கம்பிப் பட்டையை ஒவ்வொரு குழாயாக விட்டு இழுத்தார்கள். அரை நாள் வேலை. பின் மறுபடியும் ஈயம் வைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்து ஒழுக்குப் பார்த்தார்கள்.

முந்தைய பட்டறையொன்றில் கழற்றி எறிந்திருந்த தெர்மோஸ்டாட்டின் இடத்தில் புதியதொன்றைப் பொருத்தினார் மெக்கானிக். அது இல்லாவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்பது சாலையோர நம்பிக்கை. உரிய சூட்டை எட்டாத டீசல் எஞ்சின் எரிபொருளைச் சரியாக எரிக்காது. புகை கக்கும், சிலிண்டரும் விரைவில் தேயும். காய்ச்சிய கம்பியை ஈரத்துணியால் தொடுவதுபோன்ற வைத்தியங்களிலும் அவருக்கு உடன்பாடில்லை. கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும் என்று இரண்டுமுறை சொன்னார். முள் ஏறினால் ஓரங்கட்டி, தண்ணீர் ஒழுகாமலும் பெல்ட் அறாமலும் இருந்தால், எஞ்சினைச் சற்று நேரம் வெறுமனே ஓடவிட வேண்டும். பம்ப் சுழன்று சூட்டை வெளியே தள்ளும். முனகத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். விசிறியும் பம்பும் எஞ்சினோடு பிணைந்தவை; அது வேகமாகச் சுற்றினால்தான் அவையும் சுற்றும்.

அடுத்த மாதம் இரண்டாம் கியரிலேயே மலையேறினோம். இராட்சதக் குழாய்களில் பெரியாற்றுத் தண்ணீர் மின்நிலையத்தை நோக்கி இறங்கும் சரிவின் வழியே, அம்மா முன்னிருக்கையில் இருக்க, வண்டி நிற்காமல் குமுளியை அடைந்தது. முள் நடுக்கோட்டைச் சற்றே தாண்டி நின்றது.

இந்த வண்டியை எக்காலத்துக்கும் வைத்திருக்க முடியாது என்பதை அறிவோம். அதன் புகை இன்றைய அளவுகோல்களுக்கு ஒவ்வாதது. ஆனாலும் பிரித்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளோடு வாழ்வதில் ஒரு நன்மை இருக்கிறது. இன்றைய கார்களில் அலுமினியக் குழாய்களும் பிளாஸ்டிக் தொட்டியுமாக வரும் ரேடியேட்டர் அடைத்துக்கொண்டால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதற்குப் பணம் போதும். பிரித்துத் துலக்குவதற்கு, எது கெட்டது எது கெடவில்லை என்று வரிசையாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர்கள் இருக்கும்வரை வண்டியை வைத்துக்கொள்வது என்று மூவரும் முடிவு செய்தோம். அம்மாவிடம் சொன்னபோது, “மழைத்தண்ணியப் பிடிச்சு வைக்கிறேன், அத ஊத்துங்க” என்று மட்டும் சொன்னார்.