கடற்காற்றும் கணினியும்

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் செங்கல்லையே அரித்துவிட்ட உப்புக்காற்று, நம் வீட்டு மேஜைக் கணினியை மட்டும் விட்டுவைக்குமா? போன மார்கழியில் ஒருநாள் பொத்தானை அழுத்தினோம். விசிறி சுழன்றது, திரையோ இருண்டே கிடந்தது. உள்ளிருந்து 'பீப், பீப்' என்று ஓயாத ஓலம்.

பழுதுபார்க்க வந்தவர், "மதர்போர்டு போய்விட்டது, ஸார்! பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்று தீர்ப்புக் கூறிப் போனார். காலஞ்சென்ற நம் தந்தையார் தட்டெழுதி வைத்த குடும்ப வரலாறு அதற்குள் அல்லவா இருக்கிறது? பிரதி எடுத்து வைக்காத சோம்பல் நம்முடையது. அதை யார் தலையில் கட்டுவது? ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டலாமே என்பீர்கள். அதற்கு முன் நாமும் ஒரு கை பார்ப்போமென்று, மின்சாரத் தொடர்பைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தோம்.

இடைவிடாத பீப் ஒலி பெரும்பாலும் 'ராம்' பட்டையின் முறையீடு என்று படித்ததுண்டு. கழற்றிப் பார்த்தால், பளபளக்க வேண்டிய அதன் விளிம்புத் தகடுகள் மங்கிக் கிடந்தன. பள்ளிக்கூடத்து ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசு தட்டி, மறுபடி அழுத்திப் பொருத்தினோம். ஒரே ஒரு பீப்! திரை விழித்துக்கொண்டது.

முதற்காரியமாகத் தந்தையார் எழுதியதைப் பென் டிரைவில் பிரதி எடுத்தோம். உள்ளிருந்த 3 வோல்ட் வட்டப் பாட்டரி தீர்ந்துபோனதால், கடிகாரம் மட்டும் 2009 ஜனவரி 1 என்று சாதிக்கிறது. அப்பா உயிரோடிருந்த வருஷம். பாட்டரி அற்ப விலைதான். நாம் இன்னும் வாங்கவில்லை.