காணும் பொங்கலுக்கு இமேஜிகா

நாங்கள் குடியிருக்கும் புனே மகர்பட்டாவில் ஆச்சிக்குப் பிடித்த இடம் அதிதி கார்டன்தான். திருநெல்வேலியில் நாகர்கோவில்–மும்பை எக்ஸ்பிரஸ் ஏறிப் புனேயில் வந்து இறங்குபவள், முதல் நாள் எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டாள். ரயிலில் மடக்கியே வைத்திருந்த காலை நீட்டிப் படுத்துவிடுவாள். மறுநாள் விடிந்ததும் காதைச் சுற்றி மஃப்ளரைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு நடக்கக் கிளம்புவாள். கரும்பு விளைந்த நிலத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மகர் குடும்பங்கள் வெளியாருக்கு விற்காமல் ஒன்றாகச் சேர்த்து, தாங்களே பங்குதாரர்களாகி, 2000 வாக்கில் கட்டத் தொடங்கிய ஊர் இது என்று அப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். ஆச்சிக்கு அது மனசில் பதிந்துவிட்டது. "வயலை விக்காம வீடாக்கியிருக்காவ பாரு" என்று பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் சொல்வாள். எந்த பெஞ்சில் எந்நேரம் நிழல் விழும் என்பது இரண்டே நாளில் அவளுக்குப் பாடமாகிவிடும்.

2017 ஜனவரியில் அவள் வந்திருந்தபோதுதான் நாங்கள் இமேஜிகாவுக்குப் போனோம். கோப்போலி–பாலி சாலையில் 2013-இல் திறந்த பூங்கா அது. என் வகுப்பில் பாதிப் பேர் போய்வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை வந்தால் யாராவது ஒருத்தி நைட்ரோ ரோலர் கோஸ்டர் எப்படித் திரும்பியது என்று கையை வளைத்து வளைத்துக் காட்டுவாள். பக்கத்து வீட்டு மராத்திக் காக்கூ குடும்பத்தோடு தீபாவளி விடுமுறையில் போய், கூட்டத்தில் நின்று நின்று, நாலைந்து ரைடோடு திரும்பியிருந்தார். "சனி ஞாயிறு மட்டும் போகாதீர்கள், பாதி மும்பை அங்கேதான் இருக்கும்" என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னார்.

அம்மாவுக்கு சைபர்சிட்டி ஐ.டி. வளாகத்தில் வேலை. ஒரு வேலையை எடுத்தால் எக்ஸெல் இல்லாமல் தொடமாட்டாள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து, இடப்பக்கம் ரைடுகளின் பெயர், மேலே கால்மணிக் கணக்கில் நேரம், பச்சைக் கட்டம், மஞ்சள் கட்டம் என்று நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆச்சி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதுல ஒண்ணுக்குப் போக நேரம் எங்கம்மா இருக்கு?"

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"சின்னவன் கால் வலிக்குதுன்னு உக்காந்துட்டா எந்தக் கட்டத்துல உக்காருவான்?"

அம்மா கோபப்படவில்லை. "நீங்களே சொல்லுங்க அத்தை" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அன்றைக்கு ராத்திரி அந்த மேசையில் நடந்த பேச்சுதான் எனக்கு இன்றும் அப்படியே ஞாபகமிருக்கிறது. ஆச்சி தீம் பார்க் எதையும் பார்த்ததில்லை. ஆனால் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைச் சிறுபிள்ளையிலிருந்து பார்த்தவள். திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவள். கூட்டத்தை எப்படிக் கடப்பது என்பதில் அவளுக்கு இருந்த தெளிவு எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. அம்மா அவள் சொன்னதையெல்லாம் தட்டிக்கொண்டே வந்தாள்.

நாளைக் குறித்ததும் ஆச்சிதான். சனிக்கிழமை பொங்கல், திங்கட்கிழமை காணும் பொங்கல். ஊரில் அன்றைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கும் அருவிக்கும் போவார்கள்; பாபநாசம், மணிமுத்தாறு எங்கே பார்த்தாலும் ஆள். "இங்க அன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை. மராட்டியர்கள் சனிக்கிழமையே சங்கராந்தி எள்ளுருண்டை கொடுத்து முடித்துவிடுவார்கள்; திங்கட்கிழமை பள்ளிக்கூடமும் ஆபீஸும் வழக்கம்போல நடக்கும். "அப்போ நமக்கு மட்டும்தான் லீவு. அன்னைக்குப் போவோம்" என்றாள். பள்ளிக்கு லீவ் லெட்டர் எழுத அப்பாவுக்கு மனமில்லை. ஆச்சி ஒரு பார்வை பார்த்தாள், எழுதிவிட்டார். கூடுதல் காசு கொடுத்தால் வரிசையில் முந்திப் போகும் எக்ஸ்பிரஸ் டிக்கெட் உண்டு; திங்கட்கிழமைக்கு அது தேவையில்லை என்று அம்மா அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தாள்.

பிறகு தம்பியைக் கதவோரம் நிறுத்தி உயரம் அளந்தார்கள். அவனுக்கு ஐந்து வயது. ஒவ்வொரு ரைடுக்கும் உயரக் கோடு உண்டு. கோட்டுக்குக் கீழே நிற்கும் பிள்ளையை எவ்வளவு அழுதாலும் ஏற்றமாட்டார்கள், ஏற்றவும் கூடாது. அம்மா பட்டியலை மூன்றாகப் பிரித்தாள்: எல்லாரும் ஏறுவது, ஆச்சி மட்டும் உட்கார்ந்திருப்பது, அப்பாவோ அம்மாவோ என்னோடு மட்டும் வருவது. மூன்றாவது பட்டியலைத் தம்பிக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டி, "இதெல்லாம் நீ பெரியவனானதும்" என்று சொல்லிவிட்டாள். அவன் அழ வேண்டியதை எல்லாம் வீட்டிலேயே அழுது தீர்த்தான். அங்கே வாசலில் போய் அழவில்லை. நான் பார்த்தவற்றிலேயே மிகச் சரியான முன்னேற்பாடு இதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு வாங்கிய புது ஷூவை ஆச்சி பீரோவில் வைத்துப் பூட்டினாள். பழகிய செருப்பைத்தான் போடவேண்டும் என்றாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். முண்டவா பாலத்தில் பனி. தேஹு ரோடு தாண்டி எக்ஸ்பிரஸ்வேயில் ஏறியதும் தம்பி தூங்கிவிட்டான். கண்டாலாவில் மலைப்பாதை இறங்கத் தொடங்கும் இடத்தில் அப்போது அம்ருதாஞ்சன் பாலம் இருந்தது. 1830-இல் கட்டிய பழைய கல்பாலம். அங்கிருந்த தைல விளம்பரப் பலகையால் வந்த பெயராம். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் சாலை காலியாகக் கிடந்தபோது அதை இடித்துவிட்டார்கள். "நம்ம மெட்ராஸ் தைலம்லா!" என்று ஆச்சி சந்தோஷமாகச் சுருக்குப் பையிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்துக் காட்டினாள். வளைவுகளில் தம்பிக்கு வயிற்றைப் புரட்டியது. அதற்கும் பையில் உப்பு நார்த்தங்காய் இருந்தது. ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே சப்பினான், வாந்தி வரவில்லை.

வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது என்று தெரியும். அதனால் வண்டி நிறுத்துமிடத்திலேயே டிக்கியைத் திறந்து பந்தி நடந்தது: மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, பொரித்த கூழ்வற்றல். "ஊரு சாமி பாக்கும்போது நாம சாப்பிடணும், ஊரு சாப்பிடப் போகும்போது நாம சாமி பாக்கணும்" என்று ஆச்சி பரிமாறினாள். அன்று எங்கள் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. ஒரு மணியிலிருந்து எல்லாரும் சாப்பாட்டுக் கடைகளுக்குள் போன நேரத்தில் வரிசைகள் கரைந்து போயிருந்தன.

உள்ளே போகுமுன் ஆச்சி பால்பாயிண்ட் பேனாவைக் கேட்டாள். தம்பியின் இடது முழங்கைக்குக் கீழே அப்பாவின் நம்பரை எழுதச் சொன்னாள். அப்பா எழுதினார். வியர்த்தால் அழியுமே என்று அதே நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சட்டைப் பைக்குள் வைத்து ஊக்கு குத்தினாள். அதோடு விடவில்லை. தன் கையையும் நீட்டினாள். "எனக்கு இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. நானும் சின்னப் பிள்ளைதான், எழுதுய்யா." சுருங்கிய தோலில் பேனா சரியாக ஓடவில்லை. அப்பா ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பத்து எண்களையும் எழுதினார். மஞ்சள் கயிறும் இரண்டு வளையலும் கிடந்த கை. எழுதி முடித்ததும் ஊதிக் காயவைத்தாள்.

அடுத்தது தேரடி. திருநெல்வேலியில் அவள் சிறுமியாக இருந்தபோது, வாகையடி முக்கில் கூட்டம் நெரிக்கையில் யார் கை விட்டாலும் தேடி அலையக்கூடாது, தேரடியில் போய் நிற்கவேண்டும் என்பது அவள் அம்மா போட்ட விதி. இமேஜிகாவில் குதிரைகள் சுற்றும் பெரிய ராட்டினத்தைக் காட்டி, "இதுதான் நம்ம தேரடி. யாரு காணாமப் போனாலும் இங்கன வந்து நிக்கணும். மத்தவங்க தேடக்கூடாது, இங்கனதான் வரணும்" என்றாள். தம்பியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். கைபேசி எல்லார் கையிலும் இருக்கும் இந்தக் காலத்திலும், கூட்டத்துக்குப் போகும் எந்தக் குடும்பத்துக்கும் நான் முதலில் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான். சார்ஜ் தீரும், சத்தத்தில் மணி கேட்காது. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கைபேசியும் கிடையாது.

வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதில் எல்லாரும் நின்றார்கள். நாங்கள் கடைசி முனைக்குப் போய், அங்கிருந்து முன்னோக்கி வந்தோம். 'ராஜாசாரஸ் ரிவர் அட்வெஞ்சர்' படகுக்குத் தம்பி பல நாளாகத் தவம் கிடந்தான். நர்மதைக் கரையோரம் குஜராத்தில் எலும்புகள் கிடைத்து, 2003-இல் பெயர் சூட்டிய இந்திய டைனோசர் ராஜாசாரஸ். அவன் படப் புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்தே போயிருந்தது. படகு சறுக்கி விழும்போது நனைவோம் என்பதால் உச்சி வெயிலுக்கு அதை வைத்திருந்தாள் அம்மா. நனைந்தோம். மாற்றுச் சட்டை தம்பிக்கு மட்டும். நாங்கள் வெயிலில் நடந்தே காய்ந்துவிட்டோம். ஜனவரி என்பதால் அந்த வெயில் இதமாக இருந்தது.

'அலிபாபா அவுர் சாலிஸ் சோர்' வண்டியில் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டே போகவேண்டும். பெயரைக் கேட்டதும் ஆச்சி, தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். 1956 பொங்கலுக்கு வந்த எம்.ஜி.ஆரின் அலிபாபா படத்தை, பின்னால் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவள். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. "எல்லாரும் கலர்ல தெரிஞ்சாவ, அதுக்கே வாயைப் பொளந்துட்டோம்" என்றாள். ஒரு திருடனையும் அவள் சுடவில்லை. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு நாலா பக்கமும் பார்த்து ரசித்தாள். 'ஐ ஃபார் இந்தியா'விலும் ஏறினாள். இருக்கை மேலே தூக்க, கால் தொங்க, திரையில் தேசம் முழுக்க மேலிருந்து தெரியும். இறங்கியதும், "பொறந்து இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் காணும் பொங்கல்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நைட்ரோ எனக்கு. 132 அடி உயரம் ஏறி ஐந்து முறை தலைகீழாகத் திருப்பும். காலுக்குக் கீழே தளமும் கிடையாது. உயரக் கோட்டில் நிற்கையில் பணியாளர் என் தலைமேல் பலகையை வைத்துப் பார்த்தார். அப்பா மூச்சுவிடவில்லை. தலையை ஆட்டி உள்ளே விட்டார். அப்பா என் வலப்பக்கம். முதலில் ஏறும்போது சங்கிலி கடகடவென்று இழுக்கும் சத்தம்தான். மேலே போகப் போகச் சுற்றிலும் சஹ்யாத்ரி மலை. கீழே தேரடியில் மஞ்சள் சட்டையில் தம்பி எங்கேயாவது தெரிகிறானா என்று தேடினேன். தேடி முடிப்பதற்குள் விழுந்துவிட்டோம். கத்தினேனா என்று கூடத் தெரியவில்லை, அப்பா கத்தியது மட்டும் கேட்டது. அலுவலகத்திலிருந்து சோர்ந்து வந்து செய்தி பார்க்கும் அப்பாவிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இறங்கியதும் அம்மாவின் முறை, "இன்னொரு வாட்டி வர்றியா?" என்றாள். வரிசை குட்டை. திரும்ப ஓடினோம். அந்நேரம் ஆச்சியும் தம்பியும் ராட்டினத்தடியில் ஒரே ஐஸ்கிரீமை மாற்றி மாற்றித் தின்றுகொண்டிருந்தார்கள்.

நாங்கள் ஏறாத ரைடுகள் நிறைய. ஸ்க்ரீம் மெஷின் பக்கமே போகவில்லை, சலீம்கட் பேய்க்கோட்டை வாசலில் தம்பி திரும்பிக்கொண்டான். அம்மாவின் பச்சைக் கட்டங்களில் பாதி அப்படியே இருந்தன. ஆனாலும் அன்று எங்களில் ஒருவரும் ஒருவர்மேல் எரிந்து விழவில்லை. ஆச்சி காலும் தம்பி காலும் எவ்வளவு நடக்குமோ அதுதான் அன்றைய திட்டம். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கியது.

மாலை அணிவகுப்பு முடிந்ததும் மொத்தக் கூட்டமும் வாசலுக்குப் பாய்ந்தது. ஆச்சி எழுந்திருக்கவே இல்லை. தேர் நிலைக்கு வந்ததும் ஓடுகிறவன்தான் மிதிபடுவான் என்றாள். வாகன நெரிசல் வடியும்வரை உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வெளியே வந்தோம். மலையேறும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, வீடு வந்து சேரப் பதினோரு மணி.

போன மாதம் பாளையங்கோட்டையிலிருந்து அத்தை மகள் போன் செய்தாள். குடும்பத்தோடு வருகிறார்களாம், ஒரே நாளில் எத்தனை ரைடு போகலாம் என்று கேட்டாள். அத்தைக்கு முட்டி எப்படி இருக்கிறது, குட்டிப்பயல் எத்தனை சென்டிமீட்டர் என்று நான் கேட்டேன். மே மாதம் வேண்டாம், வெயிலும் கூட்டமும் சேர்ந்து கொல்லும் என்றேன். ஜூலையில் மழை, மின்னல் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். செப்டம்பர் கடைசியில் தமிழ்நாட்டில் காலாண்டு விடுமுறை, இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். தசராவை மட்டும் விலக்கி ஒரு செவ்வாயோ புதனோ பார்த்துக்கொள், ரயிலில் வந்த மறுநாள் மட்டும் குறிக்காதே என்றேன். இப்போது ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், அதனால் ஜூலைக் கடைசியிலேயே உட்கார்ந்து போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். அத்தைக்குக் கீழ் பெர்த்.