ஐம்பது லிட்டர் பெட்டி

தமிழ்ப் பேரவை ஆண்டிதழில் பீர் செய்வதைப் பற்றி எழுதலாமா என்று ஆசிரியர் குழுவில் இருக்கும் நண்பரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். "எழுதுங்கள், பார்ப்போம்" என்றார். அந்தப் 'பார்ப்போம்' எனக்குப் போதும். முகம் சுளிக்கும் வாசகர்கள் இரண்டு பக்கம் தள்ளிப் போனால் கவிதைகள் இருக்கும். மற்றவர்கள் சற்றுப் பொறுமையாக என்னோடு வாருங்கள்.

நான் ஜொகூர்க்காரன். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி. இப்போது சிங்கப்பூரில் உணவு அறிவியல் மூன்றாம் ஆண்டு. 'நொதி' என்ற சொல்லே எனக்குத் தமிழ்ப்பள்ளியில் அறிமுகமாகவில்லை. படிவம் நான்கு உயிரியலில் 'என்சிம்' என்று மலாயில்தான் அதைச் சந்தித்தேன். ஆகவே எங்காவது என் தமிழ் தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் சொந்தத் தேவைக்காகத் தம் வீட்டில் பீர், ஒயின் போன்றவற்றை நொதிக்கவைத்துச் செய்துகொள்ளலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாது. விற்கக்கூடாது. காய்ச்சி வடிக்கவே கூடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊரில், 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் இந்த வேலையைத் தொட முடியாது. மலேசியாவில் இருக்கும் நண்பர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்!

நொதித்தல் பாடம் வந்த பருவத்தில்தான் எனக்கும் வாடகை வீட்டுத் தோழர்கள் இருவருக்கும் இந்த ஆசை வந்தது. பீருக்கு மூலம் மால்ட். பார்லியை நனைத்து, முளைவிடவைத்து, முளை நீளுமுன் உலர்த்தினால் மால்ட். நமக்கு இது புதிதா என்ன? அக்காவின் குழந்தைக்கு அம்மா கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் கஞ்சி காய்ச்சுவார். சாதாரண மாவில் காய்ச்சினால் களிபோல் இறுகும். முளைகட்டிய மாவில் காய்ச்சினால் நீர்த்து ஓடும். முளைத்த தானியத்தில் உண்டாகும் நொதிகள் மாச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரையாக்குவதுதான் காரணம். பீரிலும் அதே கதை. உடைத்த மால்ட்டை வெந்நீரில் கொட்டி, 65 முதல் 68 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். சூடு ஏறிவிட்டால் நொதிகள் கெட்டுவிடும். மிகவும் இறங்கிவிட்டால் மாச்சத்து இளகாது, நொதிகளுக்கு வேலை நடக்காது.

அந்த ஒரு மணி நேரம் சூட்டைக் காத்து நிற்கும் பாத்திரத்துக்கு மாஷ் டன் என்று பெயர். தமிழில் என்னவென்று சொல்வது? தமிழ்நாட்டு நாளிதழ்களில் 'சாராய ஊறல் அழிப்பு' என்று செய்தி வரும். அங்கே ஊறல் என்பது வடிப்பதற்காகப் புளிக்கவைத்த கலவை. என்னுடையது புளிப்பதற்கு முந்திய கட்டம், வடிப்பதும் கிடையாது. ஆனாலும் ஊறத்தானே போடுகிறோம்? ஊறல் பாத்திரம் என்றே வைத்துக்கொள்கிறேன். அம்மா காதில் விழாதவரை நல்ல சொல்தான்.

சரி, எவ்வளவு பெரிய பாத்திரம் வாங்குவது? பழகியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது, "பெரிதாகவே வாங்கு, சிறியதை வாங்கினால் பிறகு வருந்துவாய்" என்பதுதான். நானும் நம்பினேன். பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் 50 லிட்டர் ஐஸ் பெட்டி கிடைத்தது. மீன் வைத்திருந்த பெட்டி. நாற்பது வெள்ளி. சுண்ணாம்பெலுமிச்சையும் சோடாமாவும் போட்டு மூன்று நாள் தேய்த்தோம். அடியில் குழாய் பொருத்தி, உள்ளே வடிகட்டி வைத்ததும் தொழிற்சாலையே கட்டிவிட்டதுபோல் ஒரு பெருமிதம்.

எங்கள் சமையலறை அடுப்பில் தாங்கக்கூடிய பெரிய பானை 15 லிட்டர்தான். ஆகவே முதல்முறை பத்து லிட்டர் பீருக்கு மட்டும் திட்டமிட்டோம். இரண்டரைக் கிலோ மால்ட், கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் ஏழரை லிட்டர் தண்ணீர். நம் ஊர் அறைச் சூட்டில் மால்ட் 28 பாகையில் இருக்கும். கலவை 66இல் நிற்கத் தண்ணீர் ஏறக்குறைய 71 பாகையில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு ஊற்றினேன். கிளறிவிட்டுப் பார்த்தால் 61. மூடிவைத்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் 54. ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் தொட்டேன். கருநீலம்! மாச்சத்து மாறாமல் அப்படியே கிடக்கிறது என்று பொருள். அடர்த்தி 1.048 வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் 1.026 வந்தது. குழாய்க்குக் கீழே தங்கிவிட்ட கஞ்சியைக் கவிழ்த்து ஊற்றியபோது தோழன் ஒருவன் கேட்டான்: "இது பீரா, பார்லி தண்ணியா?"

அதை எறிய மனமில்லாமல் ஈஸ்டைச் சேர்த்து மூலையில் வைத்தோம். மூன்றாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல், நெத்திலி சம்பலோடு அம்மா வந்து நின்றார்.

சமையலறையில் நுழைந்ததும் கண்ணில் பட்டது அந்தப் பெட்டிதான்.

"என்னடா தம்பி, மீன் யாவாரம் ஆரம்பிச்சிட்டியா?"

பிக்னிக்குக்கு வாங்கினோம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

இந்த இடத்தில் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவரைப் பார்த்ததில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போவார். பிறகு கள் போதாமல் சம்சுவுக்கு மாறினார். யார் கேட்டாலும் "ஒரு மங்குதான்" என்பாராம். அந்த மங்கு எவ்வளவு பெரியது, எத்தனை முறை நிரம்பியது என்று யாரும் கேட்டதில்லை. அவர் இறந்தபோது அம்மாவுக்குப் பதினான்கு வயது. அதோடு பள்ளிக்கூடமும் நின்றது. கல்யாண வீட்டில் பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டால் அம்மா இன்றைக்கும் எழுந்து சமையல் கட்டுப் பக்கம் போய்விடுவார். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அது ஒரு விதியாகச் சொல்லப்பட்டதில்லை, சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அந்த வீட்டுப் பிள்ளைதான் ஐம்பது லிட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா திட்டவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எவ்வளவு?" என்றார்.

மாதம் 30 லிட்டர், விற்கக்கூடாது, இங்கே அனுமதி உண்டு என்று அடுக்க ஆரம்பித்தேன்.

"சட்டத்தக் கேக்கல. நீ எவ்வளவு குடிப்ப?"

மால்ட்டின் எடை, தண்ணீரின் சூடு, தானியம் குடிக்கும் நீர், எல்லாவற்றுக்கும் என்னிடம் எண் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. பெட்டியை வாங்கும்போது நாங்கள் மூவரும் ஒருமுறைகூட இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. பேசாமல் நின்றேன். அம்மா எழுந்து கை கழுவிவிட்டு அரிசி களைய ஆரம்பித்தார்.

சோறு கொதிக்கும்போது பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"எவ்ளோ போட்ட இதுல?"

"ரெண்டரை கிலோம்மா. ஏழரை லிட்டர் தண்ணி."

"இவ்ளோ பெரிய பெட்டியிலயா? ஆறிப் போயிருக்குமே."

அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இருபது வருடமாகச் சமைப்பவர். "பத்து பேரு சோத்த நூறு பேரு அண்டாவுல வச்சா சூடு எங்கடா நிக்கும்? பாத்திரமே பாதி சூட்டத் தின்னுடும்" என்றார். உடனே, "நான் சமையலுக்குச் சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டார். அதன்பின் அன்று அதைப் பற்றிப் பேசவில்லை. மாலையில் பேருந்து நிறுத்தம் வரை கூடப் போனேன். அங்கேயும் பேசவில்லை.

அன்றிரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஒரு கிலோ மால்ட் கலவைக்குள் ஏறத்தாழ 0.67 லிட்டர் இடம் பிடிக்கும். ஆகவே இரண்டரைக் கிலோவும் ஏழரை லிட்டர் தண்ணீரும் சேர்ந்து 9.2 லிட்டர். என் பெட்டியின் அடிப்பரப்பு 55க்கு 35 சென்டிமீட்டர். அதில் 9.2 லிட்டரைப் பரப்பினால் ஆழம் ஐந்து சென்டிமீட்டர்கூட வராது! குழாய் அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. ஏறக்குறைய நாலு லிட்டர் கலவை குழாய்க்குக் கீழேயே மாட்டிக்கொண்டது. மேலே நாற்பது லிட்டர் வெற்றிடம். மெல்லிதாகப் பரவிய கஞ்சி மேலேயும் கீழேயும் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் இந்தப் பெட்டிகளின் மூடிக்குள் பஞ்சோ நுரையோ இருக்காது, வெறும் கூடு. போதாததற்குத் தானியப் படுகை ஆழமாக இருந்தால்தான் உமியே வடிகட்டியாக வேலை செய்து தெளிந்த சாறு வரும். ஐந்து சென்டிமீட்டரில் எதை வடிகட்ட?

'பெரிதாகவே வாங்கு' என்பது தவறான யோசனை அல்ல. அதைச் சொல்பவர்கள் ஒரே தடவையில் இருபது லிட்டருக்கு மேல் செய்பவர்கள். அதற்கு ஐந்து கிலோ மால்ட், 15 லிட்டர் தண்ணீர், மொத்தம் 18 லிட்டருக்குச் சற்று மேல். கிளற இடம் வேண்டும். கடும் பீர் செய்தால் ஏழு கிலோ வரை போகும், 25 லிட்டரைத் தாண்டும். அவர்களுக்கு 38 லிட்டர்ப் பாத்திரம் பொருந்தும். எனக்கு? பாத்திரத்திலிருந்து தொடங்கியதுதான் பிழை. எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஆக, அம்மா கேட்ட அதே கேள்விக்கு வந்து நின்றேன்.

மறுநாள் மூவரும் பேசினோம். ஒரு தோழன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது லிட்டருக்கும் இருபது லிட்டருக்கும் ஒரே அளவு வேலைதான், ஒரு சனிக்கிழமை முழுக்கப் போகிறது, அப்புறம் ஏன் குறைவாகச் செய்வது என்றான். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. இன்றும் சனிக்கிழமை இரவு பானை தேய்க்கும்போது அவன் சொன்னது சரியென்றுதான் தோன்றும். ஆனாலும் மாதம் ஒருமுறை, பத்து லிட்டர், அடியில் மண்டுவது போகப் பாட்டிலில் ஒன்பது என்று முடிவு செய்தோம். 330 மில்லிலிட்டர்ப் பாட்டில் 27. ஆளுக்கு ஒன்பது. வாரத்துக்கு இரண்டு, ஒன்று மிச்சம்.

அந்த எண் கிடைத்ததும் பாத்திரம் தானாக வந்து சேர்ந்தது. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் ரோஜாப்பூ சர்பத் வைத்திருப்பார்களே, அதே மாதிரி குழாய் வைத்த உருளைத் தொட்டி, 19 லிட்டர். என் 9.2 லிட்டர் அதில் பாதி நிற்கும், ஆழம் 15 சென்டிமீட்டர். தீபாவளிக்குக் கொஞ்சம் கடுமையாகச் செய்ய நினைத்து மூன்றரைக் கிலோ போட்டாலும் 13 லிட்டருக்குள் அடங்கும். இந்த முறை கொதிநீரை ஊற்றிக் கால் மணி நேரம் வைத்துத் தொட்டியைச் சூடாக்கிக்கொண்டேன். பாத்திரம் தின்பதை முன்னாலேயே தின்னக் கொடுத்துவிட்டேன் என்று வையுங்கள். 71 பாகைத் தண்ணீர், கலந்ததும் 66. ஒரு மணி நேரம் கழித்து 65. அயோடின் பழுப்பாகவே நின்றது. அடர்த்தி 1.047.

பெரிய பெட்டியை அடுத்த விடுமுறையில் ஜொகூருக்குக் கொண்டுபோனேன். அம்மா இன்னொரு தடவை தேய்த்துக் கழுவி, பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் ஐஸ் போட்டு வைக்க எடுத்துக்கொண்டார். எதற்கு வாங்கியது என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் தொலைபேசியில் பேசும்போது, அக்கா குழந்தை கதைக்கும் வாடகைக் கதைக்கும் நடுவில், குரலை மாற்றாமல் கேட்பார்.

"இந்த மாசம் எவ்வளவு?"

"ஒம்பது லிட்டர்மா. எனக்கு மூணு."

"ம்" என்பார். அந்த 'ம்'முக்கு என்ன பொருள் என்று நான் கேட்டதில்லை. போன மாதம் தேர்வு நேரம். ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை.

"அப்ப அந்தச் சின்னத் தொட்டி சும்மாதான் கெடக்குதா?"

"ஆமாம்மா."

"பால காய்ச்சி ஆறவச்சி, ஒற ஊத்தி அதுக்குள்ள வச்சி மூடு. தயிரு நல்லா ஒறையும். சூடு நிக்கும்ல."