கொடியும் கைபேசியும்

கடை வைத்திருப்பவருக்கு இரண்டு கவலைகள் உண்டு. இன்ன தெருவில் இன்ன சரக்கோடு தாம் உட்கார்ந்திருக்கும் சமாசாரம் நாலு பேருக்குத் தெரிய வேண்டுமே என்பது முதற் கவலை. தெரிந்து வந்தவர் மறுபடியும் வர வேண்டுமே என்பது இரண்டாவது கவலை. முதற் கவலைக்கு மருந்து விளம்பரம். இரண்டாவதற்கு மருந்து வாடிக்கை. விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். வாடிக்கையை அப்படி வாங்க முடியாது. அது மெல்ல மெல்லச் சேருகிற சொத்து. ஒரே நாளில் தொலைந்து போகக்கூடிய சொத்தும் அதுதான்.

மதுரைக்கு இந்த இரண்டு மருந்துகளும் புதியவை அல்ல. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக் காஞ்சியைப் படித்தவர்களுக்குத் தெரியும்: பகலில் ஒரு கடைவீதி, இரவில் ஒரு கடைவீதி என்று அந்தக் காலத்திலேயே இவ்வூர் வாழ்ந்திருக்கிறது. நாளங்காடி, அல்லங்காடி என்று அவற்றுக்குப் பெயர். அங்கே பலவகைக் கொடிகள் பறந்தன. கள் விற்கும் கடைக்குக்கூட அடையாளமாக ஒரு கொடி இருந்தது. எழுத்தறியாதவனும் அண்ணாந்து பார்த்தால் போதும், வந்த காரியம் தெரிந்துவிடும். கொடி ஆளை அழைத்துவிட்டது. அதோடு அதன் வேலை தீர்ந்தது. வந்தவன் மறுநாளும் வருவானா என்பது கடைக்காரனின் பாடு.

பிற்கால மதுரை தெருவையே விளம்பரமாக ஆக்கிக்கொண்டது. நகைக்குத் தெற்காவணி மூல வீதி, மளிகைக்குக் கீழமாசி வீதி, ஜவுளிக்கு விளக்குத்தூண் பக்கம், பாத்திரத்துக்கு வெண்கலக் கடைத் தெரு என்று ஊரே ஒரு பெரிய கடையாகவும் வீதிகள் அதன் அலமாரிகளாகவும் அமைந்துவிட்டன. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ கலியாணச் சாமான் வாங்க வருகிறவருக்குக் கடையின் பெயர் தெரிய வேண்டியதில்லை. வீதியின் பெயர் தெரிந்தால் போதும்.

இப்போது இந்த வீதிகளில் புதிய கொடி ஒன்று ஏறியிருக்கிறது. அது கம்பத்தில் பறப்பதில்லை. கடைக்காரரின் சட்டைப் பையில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கியது. அதே ஆண்டில் யூ.பி.ஐ. என்ற பணம் செலுத்தும் முறையும் வந்தது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் நிறுவனம் சிறு வியாபாரிகளுக்கென்றே தனியாக ஒரு செயலியை வெளியிட்டது. இன்று மல்லிகை உதிரி விற்கும் அம்மாளின் தராசுக்குப் பக்கத்தில் கட்டம் கட்டமாக அச்சிட்ட அட்டை ஒன்று நிற்கிறது. அதே அம்மாளின் கைபேசியில் காலையில் அன்றைய பூ விலை ‘ஸ்டேட்டஸ்’ ஆக ஏறிவிடுகிறது. அதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை.

எல்லாரும் ஒரே விதமாகக் கொடி பிடிப்பதில்லை என்பதுதான் நான் கவனித்த விஷயம்.

ஊரைக் கூட்டும் கொடி ஒன்று உண்டு. கொரோனா நோய்க்கு அஞ்சி மக்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020 ஜூலையில், மதுரை உணவகம் ஒன்று முகக்கவச வடிவத்தில் பரோட்டா போட்டது. கவசம் அணியுங்கள் என்று நினைவூட்டுவதற்காகச் செய்த வேடிக்கை அது. படம் நாடெங்கும் சுற்றி வந்தது. நல்ல யோசனைதான், நானும் சிரித்தேன். ஆனால் டில்லியில் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர் மதுரைக்கு வந்து இன்னும் கொஞ்சம் சால்னா ஊற்றச் சொல்லப் போவதில்லை. கடையை நடத்துவது நாள்தோறும் வந்து அதே மேஜையில் உட்காருகிற பத்துப் பேர்தாம்.

இப்போது சாப்பாட்டுக் கடைகளில் வேறொரு காட்சி. இளைஞர் ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நுழைகிறார். கறிதோசையைப் பிட்டு வாயில் போடுவதற்கு முன்பே கண்ணை மூடிப் பரவசப்படுகிறார். அரை நிமிஷப் படம். மறு ஞாயிற்றுக்கிழமை கடைவாசலில் நிற்க இடமில்லை. முதலாளிக்கு மகிழ்ச்சி தலைகால் தெரியவில்லை. அன்று வழக்கமான நேரத்துக்கு வந்த பழைய வாடிக்கைக்காரர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். இரண்டு மாதத்தில் புதுக் கூட்டம் வேறொரு படத்தைப் பார்த்துவிட்டு வேறொரு கடைக்குப் போய்விடுகிறது. போன பழையவர் திரும்பினாரா என்று எந்தப் படமும் சொல்வதில்லை.

வேறு விதமாகக் கொடி பிடித்தவர் ஒருவரைச் சொல்கிறேன். அவர் புது மண்டபத்துத் தையற்காரர்.

புது மண்டபத்தை நேயர்கள் அறிவார்கள். மீனாட்சியம்மன் கோயிலின் கீழக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. 124 தூண்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரங்களும் வளையல்களும் பாத்திரங்களும் புத்தகங்களுமாகத் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் நடந்து வந்தது. 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பிடித்தது. மண்டபம் பெரிதும் சேதமுற்றது. அதற்குப் பின் கோயில் மண்டபங்களில் கடைகள் கூடாது என்ற கருத்து வலுத்தது. புது மண்டபத்துக் கடைகளும் பின்னர் அருகிலேயே புதுப்பித்துக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறின. கல்லுக்கும் சிற்பத்துக்கும் அது நல்லதுதான். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

ஆனால் தையற்காரருக்கு அந்தத் தூண்தான் முகவரி. அவருடைய தொழில் கோயில் தொம்பை, குடை, திரைச்சீலை. எல்லாவற்றுக்கும் மேலாகச் சித்திரைத் திருவிழாவுக்கு வேண்டிய உடை. அழகர் ஆற்றில் இறங்கும்போது அவர் மேல் தண்ணீர் பீய்ச்சுவதாக நேர்ந்துகொண்டவர்கள் வண்ண உடையும் தலைப்பாகையும் அணிந்து தோல் பையோடு வருவார்களே, அந்த உடை. வாங்குகிறவர்கள் சுற்று வட்டாரத்துக் கிராமத்து ஜனங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருவார்கள். கடைப் பெயர் அவர்களுக்குத் தெரியாது. நாயக்கர் சிலைக்கு அந்தாண்டை மூன்றாவது மெஷின் என்பார்கள், அதுதான் விலாசம்.

நோயின் காரணமாக 2020இலும் 2021இலும் அழகர் மக்கள் கூட்டத்துக்கு நடுவே வைகைக்கு வரவில்லை. இரண்டு சித்திரை வேலையில்லாமல் போயிற்று. அதோடு சிலையும் தூணும் விலாசமாக இல்லாமற் போயின. புதிய இடத்தில் கடைக்கு எண் இருந்தது. ஆனால் எண்ணைக் கேட்டு வருகிறவர் யார்?

அவருடைய பேத்தி கல்லூரியில் படிக்கிறவள். தாத்தாவிடம் ஒரு பழைய அளவு நோட்டு இருந்தது. இடுப்பு இத்தனை, உயரம் இத்தனை, இன்ன ஊர், இன்னார் மகன் என்று அவர் கையால் எழுதியது. பிற்காலத்தில் சேர்ந்த பெயர்களுக்குப் பக்கத்தில் தொலைபேசி எண்ணும் உண்டு. அந்தப் பெண் புது மண்டபத்து வாசலில் நின்று படம் பிடிக்கத் தொடங்கினாள். அங்கிருந்து நடந்து, தெருவைக் கடந்து, புதிய கட்டடத்துக்குள் நுழைந்து, தாத்தா இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் இடம் வரை ஒரே படம். பாட்டு இல்லை, ஜோடனை இல்லை. அதை நோட்டில் இருந்த ஒவ்வோர் எண்ணுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

“கடையவே எடுத்துட்டீங்கன்னுல்ல நெனச்சோம்!” என்று ஒருவர் பேசி அனுப்பினார். “பையன் வளந்துட்டான் அண்ணாச்சி, போன தடவ அளவு வேணாம்” என்று இன்னொருவர் மகனைச் சுவரோரம் நிற்க வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். அந்தச் சித்திரைக்கு எல்லாரும் வந்துவிடவில்லை. பாதிப் பேராவது வந்தார்கள். அதுவே இயந்திரத்தை ஓட வைத்தது.

“இந்த போன் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பீர்கள்?” என்று அவரைக் கேட்டேன்.

“போன் புதுசுங்கய்யா. பேருங்க பழசு” என்றார்.

அந்த நோட்டு இல்லையென்றால் பேத்தியின் படம் யாருக்குப் போயிருக்கும்? முகம் தெரியாத ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள். ஒருவருக்கும் அழகர் உடை தேவைப்பட்டிராது. நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த வாடிக்கையைக் கைபேசி தூக்கிக்கொண்டு புதிய கட்டடத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தது. அவ்வளவுதான் அது செய்த உபகாரம். சாதாரண உபகாரம் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி இந்தக் கொடியின் சங்கடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படம் பார்வைக்குத்தான், தொட்டுப் பார்க்க முடியாது. மதுரைச் சுங்குடிச் சேலைக்கு இதனால் வந்திருக்கும் ஆபத்து பெரிது.

சுங்குடி சௌராஷ்டிரர் குடும்பங்கள் மதுரைக்குத் தந்த கலை. 2005இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியை நகத்தால் சிட்டிகையளவு தூக்கி, நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பிறகு சாயத்தில் தோய்த்து உலர்த்தி முடிச்சை அவிழ்த்தால், சாயம் ஏறாத இடங்கள் புள்ளிகளாக மலரும். வீட்டுத் திண்ணையில் பெண்கள் பேசிக்கொண்டே செய்கிற வேலை. ஆனால் கண்ணையும் விரலையும் தின்கிற வேலை. அதே புள்ளியை அச்சிலும் அடிக்கலாம். முடிச்சுச் சேலைக்குப் பல நாள் பிடிக்கும். அச்சுக்கு அந்தப் பாடு இல்லை. விலையும் அதற்கேற்றபடி மலிவு.

கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். முடிச்சுப் புள்ளியில் துணி சற்றே சுருங்கிப் புடைத்திருக்கும். ஒரு புள்ளி மற்றதைப் போல இராது. அச்சுப் புள்ளிகளோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல ஒரே சீருடையில் நிற்கும். கைபேசிப் படத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒளி நன்றாக விழுந்தால் அச்சே அழகாகத் தெரிகிறது.

வீட்டிலிருந்தே சுங்குடி விற்கும் ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேலைப் படங்களைப் போடுவார். “அக்கா, இதே சேலையை இன்ஸ்டாகிராமில் பாதி விலைக்குக் காட்டுகிறார்களே?” என்று சென்னையிலிருந்து ஒருத்தி கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு சேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். கைபேசியை அருகில் கொண்டு போனார். ஒரு சேலையின் புள்ளியை இரு விரலால் இழுத்துக் காட்டினார். சுருக்கம் விரிந்தது, விட்டதும் மறுபடி சுருங்கியது. இன்னொன்றை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“இது முடிச்சு, இது அச்சு. ரெண்டும் நல்ல சேலைதாம்மா. ஆனா ரெண்டும் ஒண்ணில்ல. எதுவேணும்னு நீயே சொல்லு” என்றார்.

அந்தப் பெண் அச்சுச் சேலையைத்தான் வாங்கினாள். உண்மை சொன்னால் உடனே லாபம் வந்துவிடும் என்று கதை எழுதுகிறவன் எழுதலாம். வியாபாரத்தில் அப்படி நடப்பதில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்துத் தங்கையின் கலியாணத்துக்கு அவளே முடிச்சுச் சேலை கேட்டு எழுதினாள்.

இதில் பணயமாக இருப்பது ஒரு சேலையின் விலை மட்டும் அன்று. முடிச்சின் பெயரைச் சொல்லி அச்சை விற்றால், வாங்குகிறவர் ஒருமுறை ஏமாறுகிறார். முடிச்சுப் போடுகிற பெண்ணுக்கோ கூலி நிரந்தரமாகக் குறைகிறது. குறைந்த கூலிக்காக மகளுக்கு அந்த வேலையை எந்தத் தாய் கற்றுக் கொடுப்பாள்? இன்றே விரல்கள் குறைந்து வருகின்றன.

இன்னொரு விஷயமும் உண்டு. கொடி நம்முடையது, அது பறக்கிற வீதி நம்முடையது அல்ல. இன்ஸ்டாகிராமை 2012இலும் வாட்ஸ்அப்பை 2014இலும் ஃபேஸ்புக் நிறுவனம் வாங்கிவிட்டது. மூன்று வீதிக்கும் ஒரே ஜமீன். எந்தக் கடையை யார் கண்ணில் காட்டுவது என்று ஜமீன் தீர்மானிக்கும். 2020 ஜூன் கடைசியில் இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதையே நம்பியிருந்தவர்களின் கூட்டம் ஒரே இரவில் கலைந்தது. 2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு, தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கையில், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்று போயின. வாடகை பாக்கி என்று மண்டபத்துக் கடைக்குப் பூட்டுப் போட வந்தால், வருகிற மனிதரிடம் மன்றாடவாவது முடியும். இந்த ஜமீனுக்கு வாசலும் இல்லை, கணக்குப்பிள்ளையும் இல்லை. எண்களைத் தனியே நோட்டில் எழுதி வைத்திருந்தவர்கள் மட்டும் அன்றிரவு கவலையில்லாமல் தூங்கியிருப்பார்கள்.

ஆகவே சிறிய கடைக்காரர்களுக்கு நான் யோசனை சொல்லத் துணிவதாக இருந்தால், படமும் போடுங்கள், நோட்டையும் வைத்திருங்கள் என்றுதான் சொல்வேன். அவர்களுக்கு யோசனை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்குகிற நமக்குத்தான் யாரும் எதுவும் சொல்வதில்லை. படத்துக்கு விருப்பக் குறி போடுவதோடு நம் கடமை தீர்ந்ததாக நினைத்துக்கொள்கிறோம். கைவேலையை அச்சு விலைக்குக் கேட்கிறோம். பிறகு கைவேலை அழிகிறதே என்று வருத்தப்படுகிறோம்.

அடுத்த முறை கைபேசியில் ஒரு சுங்குடிச் சேலை கண்ணைப் பறித்தால், விலை கேட்பதற்கு முன் அதைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு புள்ளியை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். சலிக்காமல் காட்டுகிறவர் யாரோ, அவரிடம் வாங்குங்கள். அவர் எண்ணை ஒரு நோட்டில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.