மாலத்தீவும் மதுரையும்: இப்னு பதூதாவின் வழியில் ஐந்து நாள்கள்



மேலூரில் நாம் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவின் பழைய மாணவர் ஒருவர் மாலத்தீவில் கணக்கு ஆசிரியராகப் பணியாற்றுகிறார். அவர் வழியாக நமக்கு ஓர் அழைப்பு வந்தது. அங்குள்ள ஒரு தீவில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்க வேண்டும். ஊதியம் இங்கே பெறுவதைப்போல் நான்கு மடங்கு. இரண்டாண்டு ஒப்பந்தம், குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல இயலாது. நம் மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். கடைக்குட்டிக்கு இரண்டு வயது. வீட்டின்மேல் கடனும் உண்டு. நேரில் பார்த்து முடிவு செய்வோம் என்று ஐந்து நாள் பயணமாகப் புறப்பட்டோம்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேலூரிலிருந்து திருவனந்தபுரம் போய்ச் சேரவே நமக்கு ஓர் இரவு முழுவதும் ஆனது!

மேலிருந்து பார்க்கையில் நீல விரிப்பின்மேல் வெள்ளை வளையங்களை இறைத்துவைத்தாற்போல் தெரிந்தது. பவளப் பாறைகளால் ஆன அந்த வளையத் தீவுக்கூட்டத்தை உலகம் 'அட்டோல்' என்கிறது. அச்சொல்லே மாலத்தீவின் திவேஹி மொழி தந்ததுதான். சுமார் 1,190 தீவுகள். அவற்றுள் இருநூறுக்கும் குறைவானவற்றிலேயே மக்கள் வாழ்கின்றனர். நிலப்பரப்பு மொத்தமும் ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர். நம் மதுரை மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிலத்தின் உயரமோ கடல் மட்டத்திலிருந்து சராசரி ஒன்றரை மீட்டர். கல்மலைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, நின்றால் நம் தலையே நாட்டின் உச்சிக்கு ஈடாக நிற்கும் ஒரு மண் புதுமையாக இருந்தது.

விமான நிலையம் தனித் தீவு. அங்கிருந்து மாலேக்குக் கடல்மேல் 2018இல் திறக்கப்பட்ட பாலம் இருக்கிறது. ஆயினும் நாம் படகையே விரும்பினோம். படகுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'தோனி'. நம் தோணியேதான்! அன்றிரவு மாணவர் வீட்டில் உணவில் மணத்தது மாசி. காயல்பட்டினத்துக்காரர்களைக் கேட்டால் மாசியின் அருமையைச் சொல்வார்கள். சூரை மீனை அவித்துப் புகையிட்டு வெயிலில் கட்டையாகக் காயவைத்த பண்டம். இன்றும் தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் அத்தீவுகளுக்குக் கப்பலேறுகின்றன. இராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் பன்னீராயிரம் பழந்தீவுகள் இவையே என்பர் வரலாற்றாசிரியர்.

மறுநாள் பழைய ஜும்ஆ பள்ளியில் தொழுதோம். 1658இல் சுல்தான் இப்ராஹீம் இஸ்கந்தர் கட்டியது. சுவர்கள் பவளக்கல், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், மரவேலை போல ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். கட்டடம் கிப்லாவை நோக்கவில்லை. ஆதலால் ஸஃப்புகள் பள்ளிக்குள் சாய்வாக அமைகின்றன. சுவரை நம்பி நின்றால் தவறிவிடுவோம். தரைவிரிப்பின் கோட்டைப் பார்த்தே நிற்க வேண்டும்.

இத்தீவுகளின் மன்னர் இஸ்லாத்தை ஏற்றது 1153இல். அதற்கு முன் அங்கே பௌத்தம் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் பதினைந்து ஆண்டுகள் போர்த்துகீசியர் பிடியில் கிடந்து, முஹம்மது தக்குருஃபானு தலைமையில் 1573இல் மீண்டனர். 1887 முதல் பிரிட்டிஷ் பாதுகாப்பு, 1965 ஜூலை 26 விடுதலை, 1968இல் குடியரசு. 1972இல் முதல் உல்லாச விடுதி. விடுதிகளுக்கெனத் தனித் தீவுகள். மது அங்கே உண்டு, மக்கள் வாழும் தீவுகளில் இல்லை. இந்த ஏற்பாடு நமக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆனால் மீனையும் விருந்தினரையும் விட்டால் அம்மக்களுக்கு வேறு பிழைப்பு அரிது என்பதையும் சொல்ல வேண்டும். குடிநீருக்குக்கூடக் கடல்நீரைச் சுத்திகரிக்கிறார்கள். 2014 டிசம்பரில் மாலேயின் நிலையம் தீப்பற்றியபோது இந்தியாவிலிருந்து தண்ணீர் விமானத்தில் போயிற்று.

இனி, இப்பயணத்தில் நம்மை உறங்கவிடாத செய்திக்கு வருவோம். 1343, 1344ஆம் ஆண்டுகளில் இப்னு பதூதா அத்தீவுகளில் காஜியாக இருந்தார். அரியணையில் இருந்தவர் கதீஜா என்னும் அரசி. கயிறு, கருவாடு, வங்காளத்துக்குப் போகும் சோழி ஆகியவற்றை அவர் விவரமாக எழுதியிருக்கிறார். பெண்கள் மேலுடை அணிய வேண்டும் என்று ஆணையிட்டுத் தோற்றதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு அமைச்சரோடு பிணங்கி, இலங்கை வழியாக வந்து சேர்ந்த இடம் நம் மதுரைச் சுல்தானின் பாசறை. சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் மனைவியும் டெல்லியில் இப்னு பதூதா மணந்திருந்த பெண்ணும் சகோதரிகள். அந்த உறவில், மாலத்தீவின்மேல் படையெடுப்பதற்கு இருவரும் திட்டமிட்டனர்!

இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது நாம் பல ஆண்டுகள் விழுங்கிவிட்டோம். உறவு முறையைச் சொல்வோம், புளியைச் சொல்வோம், படையெடுப்பைச் சொல்லமாட்டோம். அச்சுல்தான் கைதிகளையும் அவர்தம் பெண்களையும் சிறு குழந்தைகளையும் கொன்றதை இப்னு பதூதாவே வெட்கத்தோடு பதிவு செய்திருக்கிறார்; அதனால்தான் அல்லாஹ் அவனுக்கு விரைவில் முடிவு தந்தான் என்றும் எழுதுகிறார். அவர் மறைக்காததை நாம் ஏன் மறைத்தோம்? 'நம் ஆட்சி' என்ற பெருமைக்காகத்தான்.

படை புறப்படவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவிற்று, சுல்தானும் இறந்தான். இப்னு பதூதாவையும் காய்ச்சல் பிடித்தது. புளியைக் கரைத்துக் குடித்து மூன்று நாளில் எழுந்து, மதுரையே வேண்டாம் என்று கிளம்பினார். வழியில் கடற்கொள்ளையரிடம் உடைமைகளை இழந்தபின் மறுபடி மாலத்தீவு சென்றார். அங்கே அவர் விட்டுவந்த மனைவிக்கு ஓர் ஆண் மகவு, வயது இரண்டு. அழைத்துச் செல்லவே வந்தார். பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். தாயோடு இருப்பதே அவனுக்கு நல்லது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, ஐந்து நாள் தங்கி, வங்காளத்துக்குக் கப்பலேறினார். அவ்வளவே, அந்தப் பிள்ளையின் பெயர்கூட எழுதப்படவில்லை.

நான்காம் நாள் இரவு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினோம். மகள் எடுத்தாள். "அத்தா, வேலை பிடிச்சிருக்கா?" என்றாள். பிடித்திருக்கிறது என்றோம், அது பொய்யன்று. தீவு தூய்மையாக இருந்தது, பிள்ளைகள் அடக்கமாக ஓதினார்கள். "அப்ப தம்பிகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று பேசியை அவனிடம் கொடுத்துவிட்டாள். அவன் ஒன்றும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

வேலையை ஏற்கவில்லை. மாணவர் வருந்தினார், அவ்விடத்துக்கு வேறோர் ஆலிமை அனுப்பிவைத்தோம். அவருக்கும் பிள்ளைகள் உண்டு என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கடன் அப்படியே இருக்கிறது. மாலை மக்தப் முடிந்தபின் அரபுப் பாடத்துக்குத் தனி வகுப்பு ஒன்று தொடங்கியிருக்கிறோம். இம்முறை வரலாற்றுப் பாடத்தில் மதுரைச் சுல்தானைப் பற்றி முழுமையாகச் சொன்னோம். படையெடுப்பை விட்டுவிட்டு, கடைசி வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் கேட்டான்: "ஹஜ்ரத், அந்தப் பையன் அவங்க அத்தாவைத் திரும்பப் பார்த்தானா?"

நூலில் அதற்கு மேல் இல்லை என்றோம்.