நீரில் நட்ட வெற்றித்தூண்

கங்கைவரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழன் வெற்றிக்குக் கல்தூண் நடவில்லை. கங்கை நீரைச் சுமந்துவரச் செய்து ஏரி ஒன்றை அமைத்து, அதையே நீரால் ஆன வெற்றித்தூண் என்றான். பெயர் சோழகங்கம். இவ்வளவு திமிரும் இவ்வளவு உபயோகமும் சேர்ந்த நினைவுச்சின்னத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஏரி இருப்பது வெகு தெற்கே, கங்கைகொண்ட சோழபுரத்தருகே. அதைப் பற்றிச் சொல்லும் செப்பேடுகள் 1905-இல் கிடைத்ததோ வடக்கே, திருவாலங்காட்டில். மொத்தம் 31 ஏடுகள். இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பக்கத்துப் பழையனூரை ஆலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த சாசனம் அது. எல்லை குறிக்கப் பெண்யானையை நடக்கவிட்டார்களாம்.

ஆலங்காட்டுக் கோயிலின் ரத்தின சபையைக் கும்பிட்டுவிட்டு, யானை நடந்த மண்ணைப் பார்க்கலாமென்று கிளம்பினேன். வெயில் கொளுத்தியது. காரைக்கால் அம்மையார் கள்ளியும் பேயுமாக இந்தக் காட்டைப் பாடியதில் ஆச்சரியமே இல்லை. வற்றாத ஆறு கிடையாது. வருவதெல்லாம் மழைத் தண்ணீர், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்.

ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரை. சரிவுக்குக் குறுக்கே பிறைபோல் வளைந்து போகிறது. உபரிநீர் வழியும் கலங்கலின் மேல் முழங்கால் உயரக் கற்களை இடைவெளி விட்டு வரிசையாக நட்டிருக்கிறார்கள். கற்களின் பக்கவாட்டில் காய்ந்த பாசி ஒரே கோடாக நின்றது. இந்தக் கல் எதற்கு என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

“ஐப்பசில இந்தச் சந்த சும்மா உட்ரணும் சார். அப்ப அடைச்சா கரையே பூடும். மழ ஓயற நேரம் பாத்து, மண்ணு வெச்சி அடைப்பாங்க. ஓரடி தண்ணி கூட நிக்கும்.”

ஓரடிதானே என்று தோன்றும். நூறு ஏக்கர் ஏரியில் அந்த ஓரடி 12 கோடி லிட்டருக்கு மேல்! அடைக்கும் நாளைக் கணிப்பதில்தான் சூட்சுமம் எல்லாம். வெள்ளம் வரும்போது ஏரி வழிய வேண்டும். வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். கடைசி மழை மட்டும் தப்பக்கூடாது.

மழையைப் பிடிக்கும் இந்தக் கணக்கு மாடிக்கும் பொருந்தும். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது. நூறு சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். இங்கே மேட்டு நிலம் முழுவதுமே மொட்டைமாடி. குழாய் இல்லை, அவ்வளவுதான்.

சென்னையின் தாகமும் இந்தப் பக்கம்தான் கைநீட்டுகிறது. கொசஸ்தலையாற்றில் பூண்டி அணை 1944-இல் முடிந்தது; அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி முந்தின வருடமே காலமாகிவிட்டார். 1996-இல் கண்டலேறு வழியே கிருஷ்ணா நீரும் வந்தது. அப்படியும் 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள். 50 வேகன். அரக்கோணம் தாண்டி, திருவாலங்காடு வழியே போகும் இதே தண்டவாளத்தில்.

“பாத்தோம் சார்,” என்றார் ஸ்டேஷன் எதிரே டீ ஆற்றியவர். “எங்களுக்கும் அப்ப தண்ணி இல்ல. இங்க நிக்காம பூட்ச்சி.”